ஜூன் முப்பத்தோராம் திகதி

1. செவ்வாய்க்கிழமை, பத்தே கால்

பயிற்சித் தாதியாகச் சேர்ந்த நாளிலிருந்து டயறி எழுதி வருகிறேன். எழுதாமல் விட்ட நாட்களும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில், பிந்தியாவது, ஏன் எழுதவில்லை என்று ஒரு வரி போட்டிருப்பேன். ஆகவே இந்தக் குறிப்பில் வரும் கிழமைகளையும் நேரங்களையும் நம்பலாம். வருடத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் வருபவர்கள் இன்னும் அதே கிளினிக்குக்குத்தான் போய் வருகிறார்கள்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய சின்ன மண்டபம். நீள மேசையில் நீரிழிவு நோயாளர்களின் கால் கொப்பிகளை இடவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். நாங்கள் செய்துகொண்டிருந்த ஆய்வுக்காக அச்சடித்த கொப்பி அது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம், ஒரு வரிக்கு ஒரு நாள். ஒவ்வொரு வரியிலும் மூன்று பெட்டிகள்: உள்ளங்காலைப் பார்த்தேன், விரலிடுக்கைப் பார்த்தேன், புண் இல்லை. நோயாளி தினமும் சரி போடவேண்டும். மாத முடிவில் நான் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, கையெழுத்து வைத்துக்கொண்டு வருவேன்.

அடுத்த திங்கட்கிழமை டொக்டர் சாரதா இந்தக் கொப்பிகளை அமைச்சில் ஒரு குழுவுக்குக் காட்டவிருந்தார். ஆய்வின் தலைவி அவர்தான். குழு சம்மதித்தால் எல்லா நீரிழிவுக் கிளினிக்குகளுக்கும் கொப்பி போகும். ஏற்கெனவே ஒரு தடவை காலில் புண் வந்தவர்களுக்கு அது மிகப் பெரிய காரியம். அப்படிப்பட்டவர்கள் விரலையோ பாதத்தையோ இழந்து வார்ட்டுக்கு வருவதை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவள்.

ஆய்வுக் குழுவில் எங்களோடு சேர்ந்திருந்த நோயாளர்களும் வீட்டாருமாக ஆறு பேர் அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். "மூண்டு மாதம். முதல் மாதத்தில நாலைஞ்சைத் தவிர ஒரு பெட்டிகூட வெறுமையாய் இல்லை."

மேசையின் மறுமுனையில் இருந்த மரியதாஸ், அந்த ஆறு பேரில் ஒருவர், ஒரு கட்டை இழுத்து எடுத்தார். ஒரு கொப்பியில் ஜூன் பக்கத்தைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்றாவதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"சிஸ்டர், கோவிக்கப்படாது. ஜூன் மாசத்துக்கு எத்தன நாள்?"

"முப்பது."

"அப்ப முப்பத்தோராம் திகதி இவங்கல்லாம் எந்தக் காலப் பாத்தாங்க?"

யாரோ சிரித்தார்கள். நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அச்சகத்தில் எல்லா மாதத்துக்கும் ஒரே பக்கத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றிலும் முப்பத்தொரு வரி. அச்சுப் பிரதியைத் திருத்திக் கையெழுத்து வைத்தவள் நான். நாளும் திகதியும் தவறாமல் எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தவள். அந்த முப்பத்தோராவது வரியில் மூன்று பெட்டிகளிலும் அழகாகச் சரி போட்டிருந்தது. அடுத்த கொப்பியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஏப்ரல் பக்கத்திலும் சிலர் அப்படிப் போட்டிருந்தார்கள், ஜூனில் ஏறக்குறைய எல்லோருமே.

மூன்றே மூன்று கொப்பிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் உள்ள எங்கள் நோயாளர்கள், இல்லாத ஒரு நாளில் தங்கள் காலைச் சோதித்துப் புண் இல்லை என்று கண்டிருந்தார்கள்.

2. அந்த ஆறு பேர்

இந்த ஆறு பேர் எப்படி வந்தார்கள் என்று சொல்லவேண்டும்.

ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் என் ஒழுங்கையில் காலையில் கடற்கரை வரைக்கும் நடந்து திரிந்த காலத்தில் டொக்டர் சாரதா டெலிபோன் கோல் எடுத்தார். கிருலப்பனையில் வளர்ந்தவர். நான் வார்ட் சிஸ்டராக இருந்தபோது அங்கே இளம் டொக்டராக வந்து என்னிடம் ஏச்சு வாங்கியவர். ஆய்வுக்கு ஒரு களப்பணி இணைப்பாளர் தேவை என்றார். கூடவே, ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருப்பதாகவும் சொன்னார். நோயாளர்களையும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாரையும் ஆய்வுக் குழுவில் சேர்க்கவேண்டுமாம். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மட்டுமென்றால் போதாது. கேள்விகளைத் தீர்மானிக்கவும் பதில்களைச் சரிபார்க்கவும் அவர்கள் உட்காரவேண்டும்.

வெளிநாட்டுத் தாதியர் சஞ்சிகைகளில் இதைப்பற்றி நான் நிறைய வாசித்திருந்தேன். வாசிக்கும்போது நல்ல யோசனை என்று பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் அதைச் சம்பிரதாயமாகத்தான் எடுத்தேன். நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். நோயாளியிடம் கேட்டுப் பழக்கமில்லை.

ஆறு பேரைச் சேர்த்தோம். இந்தக் குறிப்பில் அவர்களில் இருவர்தான் வருகிறார்கள்.

மரியதாஸ் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலில் ஏறும், இறங்கும் சரக்கை மூடை மூடையாக எண்ணிக் குறிக்கும் வேலை. வலது காலில் இரண்டு விரல் இல்லை. அதை மறைக்காமல் செருப்போடுதான் வருவார். அவரே ஆய்வில் ஒரு நோயாளியும்கூட.

நசீமா கொம்பனித்தெருவைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் ஜப்பார் ஒரு தையற்காரர். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். பழைய வரிசை வீட்டை உடைத்தபிறகு தொடர்மாடியில் ஒன்பதாம் மாடிக்குப் போனவர்கள். நோயாளி ஜப்பார். நசீமா அவரைப் பராமரிப்பவர் என்ற முறையில் குழுவில் இருந்தார்.

முதற் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. டொக்டர் ஸ்லைட் காட்டினார். நான் கொப்பியின் மாதிரியைக் காட்டினேன். "நல்லம் மிஸ்", "எல்லாம் சரி மிஸ்" என்றார்கள். ரோல்ஸும் பட்டீஸும் சாப்பிட்டார்கள். போகும்போது நசீமா மட்டும் சம்மதப் படிவத்தைக் காட்டிக் கேட்டார்.

"இத யாரு மிஸ் எழுதின? வக்கீலா?"

"ஏன்?"

"கால் பாக்கத்தானே செல்றீங்க. காணி எழுதி வாங்குற மாதிரி ஈக்கிது."

அதை மாற்றினோம். குழுவின் வேலை முடிந்தது என்று அன்று நினைத்தேன். டயறியில் "பயனுள்ள கூட்டம்" என்று இருக்கிறது. இன்று அதை வாசிக்க எனக்கே சிரிப்பு வருகிறது.

3. டாலி சீட்

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன்.

முப்பத்தோராம் வரி அச்சுப் பிழையால் வந்த தற்செயல், தினமும் சரி போட்டுப் பழகிய கை அங்கேயும் போட்டுவிட்டது என்று நான் சொன்னேன். அது எனக்கு நானே சொன்ன சமாதானம். மரியதாஸ் தலையை ஆட்டவில்லை.

"சிஸ்டர், கொண்டெய்னர் வர்றதுக்கு முந்தி நான் கப்பல் ஹட்ச் வாயில நிண்டு டாலி எழுதினவன். மூட மேல போகப்போக ஒவ்வொரு கோடா இழுக்கணும். நாலு கோடு, அஞ்சாவது குறுக்க. காலைல இழுத்த கோடு நேரா நிக்கும். பகலைக்கு சாயும். பின்னேரம் பேனா மாறும், பென்சில் வரும். மழை அடிச்சா மை ஊறும். தேத்தண்ணி வட்டம் இருக்கும். உண்மையான சீட் ஊத்தையா இருக்கும் சிஸ்டர்."

ஒரு கொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"இது கப்பல் போனபிறகு எழுதின சீட். பாருங்க. ஒண்டாந் திகதியில இருந்து கடைசி வர ஒரே பேனா. ஒரே சாய்வு. ஜூன் நடுவுல ஒரு கிழம வெள்ளவத்தைல கானெல்லாம் நிரம்பி, முழங்காலளவு தண்ணி நிண்டுச்சே. அண்டைக்கும் இதே மாதிரி சரி. கை நடுங்கல்ல. காகிதம் நனையல்ல."

நான் அவருடைய கொப்பியைத் தேடினேன். அது ஊத்தையாகத்தான் இருந்தது. இரண்டு நிற மை, நடுவில் பென்சில், ஒரு மூலையில் மீன்குழம்பு மஞ்சள். ஜூன் முப்பத்தோராம் வரியில் மூன்று பெட்டிகளையும் சேர்த்துக் குறுக்கே எழுதியிருந்தார்: "கார்கோ இல்லை."

அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது. ஏதோ கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்துக் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இதை நீங்கள் எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எழுதித்தானே வச்சேன் சிஸ்டர். வாசிப்பீங்க எண்டு இருந்தேன்."

4. தேத்தண்ணி ஊற்றுவதுபோல

எனக்குக் கோபம் வந்தது. மரியதாஸ் மேல் இல்லை. மூன்று மாதமாக மழையில் நனைந்து, படியேறி, வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கொப்பிகள்.

"அப்ப எல்லாரும் எனக்குப் பொய் சொல்லியிருக்கினம்" என்றேன்.

ஜன்னலோரம் இருந்த நசீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினார். அவர் குரலை உயர்த்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"பொய்யெண்டு செல்லாதீங்க சிஸ்டர். வெயில்லயும் மழையிலயும் படியேறி வாறீங்க. வெத்துப் பெட்டியக் கண்டா ஒங்கட மொகம் ஒரு மாதிரி சுருங்குது. முதல் மாசம் நான் நாலு பெட்டி விட்டீந்தேன். நீங்க ஒண்டும் செல்லல்ல. பேனாவால தட்டித் தட்டி எண்ணினீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. ஊடு தேடி வந்த மனிசிய வெறும் கையோட அனுப்பேலுமா? தேத்தண்ணி ஊத்துறமாதிரி இதையும் நெரப்பி வச்சேன்."

"நீங்களுமா?"

"நானுந்தான். நீங்க வாற அண்டைக்குக் காலைல சுபஹு தொழுதுட்டு ஒக்காந்து, ஒரே இருப்புல முழு மாசத்துக்கும் போட்டேன். முப்பத்தொண்டு இல்லயெண்டு கணக்குப் பாக்கல்ல."

"நசீமா தங்கச்சி ஹார்பருக்கு வந்திருந்தா ரெண்டாம் நாளே பிடிபட்டிருப்பா" என்றார் மரியதாஸ்.

"நீங்க மட்டும் மீன்கொழம்பக் கொட்டின கொப்பியக் குடுத்தீங்களே. எங்கட ஊட்டுல அப்பிடிக் குடுத்தா மானம் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். நசீமா மட்டும் சட்டென்று நிறுத்தினார்.

"ஆனா சிஸ்டர், இப்ப எனக்குப் பயமா ஈக்கிது. அவருக்குக் குனிய ஏலா. கண்ணும் மங்கல். உள்ளங்கால அவரால பாக்கவே ஏலா. என்னையும் தொட உடமாட்டார், பொஞ்சாதி காலப் புடிக்கிறதா எண்டு செல்வார். இந்த மூணு மாசத்துல அவர்ட உள்ளங்கால யாருமே பாக்கல்ல."

எட்டு நாட்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை, நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். டயறியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. கொப்பியைத் திறந்தேன், முழுக்க நிரம்பியிருந்தது, "எல்லாரும் உங்களைப்போல இருந்தால் எனக்கு வேலை லேசு" என்று ஜப்பாரைப் புகழ்ந்தேன். இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன். அவருடைய காலை நான் பார்க்கவில்லை. சரிகள் இருந்தபடியால் பார்க்கத் தோன்றவில்லை.

கொப்பி எல்லாக் கிளினிக்குக்கும் போனால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது. என்னைப்போல ஒவ்வொரு தாதியும் கொப்பியைப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டாள்.

கூட்டத்தை அங்கேயே முடித்தேன். பதினொன்று பத்து.

5. ஒன்பதாம் மாடி

நசீமாவோடு ஓட்டோவில் கொம்பனித்தெருவுக்குப் போனேன். தொடர்மாடி வாசலில் இருந்த காவலாளி கையை விரித்தார்.

"லிஃப்ட் எக்க வெட நெஹெ, மிஸ்."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடியும் படியால் ஏறினோம். ஐந்தாம் மாடியில் நசீமா சுவரைப் பிடித்து நின்று, "இந்தப் படிய எறங்கேலாமத்தான் அவர் கிளினிக்குக்குப் போறல்ல" என்றார். அதையும் அதுவரைக்கும் நான் கேட்டறியவில்லை. எங்கள் கொப்பியில் அதற்குப் பெட்டி இல்லை.

ஜப்பார் ஜன்னலருகே மெஷினில் ஒரு பாடசாலைச் சீருடைக்குக் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தார். வெறுங்கால் மிதிபலகையில் இருந்தது.

"என்ன சிஸ்டர், போன கெழமதானே வந்த. சோதனை ரெண்டாந்தரமா?"

"ஓம் நானா. போனமுறை நான்தான் பெயில். காலைக் காட்டுங்கோ."

அவர் நசீமாவைப் பார்த்தார். நசீமா தரையைப் பார்த்தார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர் துணியை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டுக் காலைத் தந்தார்.

இடது காலில் ஒன்றுமில்லை. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், தோல் தடித்திருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் சிவப்பு. புறங்கையால் தொட்டேன், சூடாக இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது புள்ளி மினுங்கியது.

"நோகுதா நானா?"

"எங்க?"

அழுத்தினேன். ஓரத்தில் ஈரம் கசிந்தது. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. நீரிழிவு நரம்பைக் கெடுத்தால் கால் இப்படித்தான் ஆகும். வலி என்ற காவல்காரன் போய்விடுவான்.

"குண்டூசி" என்றேன்.

"ஊசியா? என்ட ஊசியா?"

"உங்கட ஊசிதான். தலை முறிஞ்சு போயிருக்கு."

அவர் மெஷினுக்குக் கீழே தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "தையக்காரன்ட கால்ல ஊசி. வெளிய செல்லிராதீங்க சிஸ்டர், ஒருத்தனும் துணி தரமாட்டான்."

இளம் தாதியருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஊசியை நான் இழுக்கவில்லை. இழுத்துவிடத் தோன்றியது, ஆனால் இழுக்கவில்லை. எவ்வளவு ஆழம், எலும்பில் முட்டுகிறதா என்று எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. உள்ளே முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். சுத்தமான கோஸ் வைத்து, அழுத்தாமல் கட்டினேன். பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து ஒன்பது மாடியும் தூக்கி இறக்கினார்கள். நானும் நசீமாவும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி எலும்பைத் தொடவில்லை. கீறி எடுத்து, அன்டிபயோட்டிக் ஏற்றி, வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்று சேர்ஜன் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது நசீமா கேட்டார். "அந்த மரியதாஸ் அண்ணன் வாய் தொறக்காம இருந்தீந்தா?"



6. ஒரு வரியை வெட்டினால்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு டொக்டர் சாரதாவின் அறையில் இருந்தேன். கொப்பிகள், முப்பத்தோராம் வரி, மரியதாஸ் சொன்னது, ஊசி, எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன். அவர் கடைசிவரைக்கும் குறுக்கிடவில்லை.

"சிஸ்டர், திங்கட்கிழமைக்கு இன்னும் ஐஞ்சு நாள் இருக்கு" என்றார். "இந்தத் திகதிக்கு நான் எத்தினை மாதம் அலைஞ்சனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் டொக்டர்."

"முப்பத்தோராம் வரியை மட்டும் எடுத்துவிட்டால்? அது அச்சுப் பிழைதானே. உண்மையிலயே அச்சுப் பிழைதான்."

அவர் ஏமாற்றுக்காரி இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷி. அந்த வசனத்தை அவர் கேள்வியாகத்தான் கேட்டார், என்னிடமும் தன்னிடமும்.

"டொக்டர், அந்த ஒரு வரியை வெட்டினால் மிச்ச முப்பதும் உண்மையாய் மாறாது. நான் ஜப்பார் நானாவின்ர கொப்பியைப் பாத்துப்போட்டுக் காலைப் பாக்காமல் வந்தனான். முப்பது வருஷத்துக்கு மேல வார்ட்டில நிண்ட நானே அப்பிடிச் செய்தால், ஒரு நாளைக்கு அத்தினை பேரைப் பாக்கிற கிளினிக் பிள்ளையள் என்ன செய்வினம்? இந்தக் கொப்பி ஆக்களைக் காப்பாத்தாது. எங்களை நித்திரையாக்கும்."

டொக்டர் முன்னால் இருந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு.

"அப்பவும் இப்பிடித்தான் என்னை ஏசுறனீங்கள். மருந்துச் சீட்டில நான் திகதி போட மறந்தால்."

"இந்தமுறை திகதியை மறந்தது நான்."

"சரி. அந்த டாலிக்காரரைத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?"

7. எந்தத் துறை

திங்கட்கிழமை மரியதாஸ் வெள்ளைச் சேர்ட்டும் நன்றாக அயன் பண்ணிய காற்சட்டையும் போட்டு வந்தார். காலில் அதே செருப்பு. "சப்பாத்து இருக்கு. ஆனா இண்டைக்கு விரல் தெரியத்தான் வேணும்" என்றார்.

குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். டொக்டர் சாரதா சுருக்கமாகச் சொன்னார்: மூன்று மாதத் தரவுகளை நம்பமுடியாது, அதை எங்கள் பொதுமக்கள் குழு கண்டுபிடித்தது. ஓரத்தில் இருந்த அதிகாரி மரியதாஸைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், இவர் எந்தத் துறை என்று. மரியதாஸ் துறைமுகத்தில் வாழ்நாளைக் கழித்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும்.

"ரெண்டு விரல் போன துறை, சேர்" என்றார்.

பிறகு இரண்டு கொப்பிகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், தன்னுடையதையும் ஜப்பாருடையதையும். ஜப்பாரும் நசீமாவும் அதற்குச் சம்மதம் தந்திருந்தார்கள். எது உண்மை என்று அவர் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார். அதிகாரிகள் குனிந்து பார்த்தார்கள். மீன்குழம்பு மஞ்சளை ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

அன்று அனுமதி கிடைக்கவில்லை. கொப்பியைத் திருத்தி, ஆறு மாதம் திரும்பச் செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். படி இறங்கும்போது டொக்டர் சாரதா சொன்னார், தோற்று வந்த மாதிரியும் இருக்கிறது, தப்பி வந்த மாதிரியும் இருக்கிறது என்று. எனக்கு இரண்டாவது மட்டும்தான் இருந்தது.

8. பொறி வைப்பதா

புதிய கொப்பியை இந்தமுறை ஆறு பேரும் செய்தார்கள். நான் எழுதினேன், அவ்வளவுதான். நாளுக்கு இரண்டே பெட்டி: பார்த்தோம், பார்க்கவில்லை. "பார்த்தேன்" என்பதை "பார்த்தோம்" என்று மாற்றியது நசீமா. தன் உள்ளங்காலைத் தானே பார்க்கக்கூடிய ஆள் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். பக்கத்தில் ஏன் என்று எழுத ஒரு நீளக் கோடு.

ஒரேயொரு விஷயத்தில் பெரிய வாக்குவாதம் வந்தது. முப்பது நாள் மாதங்களில் முப்பத்தோராம் வரியை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம் என்றார் மரியதாஸ். அங்கே சரி போட்டால் மற்றதும் பொய் என்று உடனே தெரியுமாம். நல்ல யோசனை என்று நினைத்தேன். சஞ்சிகைகளிலும் இப்படிச் சில உத்திகளை வாசித்திருந்தேன். அவர் பக்கம் பேசினேன்.

நசீமா கேட்டார். "கொப்பி கால் பாக்கவா, ஆளப் புடிக்கவா?"

"உண்மை தெரியவேணுமே நசீமா" என்றேன்.

"பொறி வச்சுட்டு எங்கட ஊட்டுல வந்து எப்பிடி சிஸ்டர் தேத்தண்ணி குடிப்பீங்க?"

மரியதாஸ் தாடையைத் தடவினார். "ஹார்பர்ல பொறி வச்சோம். அது கள்ளனுக்கு" என்றார். "இங்க கள்ளன் இல்லத்தான்." தன் யோசனையைத் தானே எடுத்துக்கொண்டார்.

என் டயறியைப்பற்றி அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன். எழுதாத நாட்களுக்குக் காரணம் எழுதும் பழக்கம் எனக்கு எத்தனையோ வருடமாக இருக்கிறது. வெறுமைப் பக்கம் எனக்கு ஒருபோதும் அவமானமாகத் தோன்றியதில்லை. அந்தச் சலுகையை என் நோயாளர்களுக்கு நான் கொடுக்கவில்லை.

புதிய கொப்பிகள் திரும்பி வந்தபோது வெறுமைகள் வரத் தொடங்கின, காரணத்தோடு. "முழங்கால் மடியவில்லை." "மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது." "மகள் வேலையால் வரப் பிந்திவிட்டது, அவள்தான் பார்ப்பாள்." "காலைக் காட்ட வெட்கம்." "பல்ப் மங்கல்." ஒவ்வொன்றும் நாங்கள் ஏதாவது செய்யக்கூடிய விஷயமாக இருந்தது. வெள்ளவத்தையில் ஒரே மாடியில் இருந்த இரு பெண்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் காலை மற்றவர் பார்ப்பதென்று தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். இப்படி எங்களுக்குத் தோன்றியதில்லை, எந்தச் சஞ்சிகையிலும் நான் வாசிக்கவும் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு டொக்டர் சாரதா திரும்பவும் அமைச்சுக்குப் போனார். இப்போது உங்கள் கிளினிக்கில் இருக்கும் கொப்பி அதுதான். முன் அட்டையின் உள்பக்கத்தில் நோயாளிக்கு எதுவும் எழுதவில்லை. தாதிக்கு ஒரு வரி இருக்கிறது: முதலில் கால்.

கொப்பி கிளினிக்குகளுக்குப் போன பிறகு, ஜூலை முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணிக்கு ஒன்பதாம் மாடிக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்தது. மெஷினுக்குக் கீழே ஒரு பழைய பாய் விரித்திருந்தது, அதில் விழுந்த ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம். நான் கொப்பிக்குக் கை நீட்டினேன். ஜப்பார் அதை எடுத்துத் தொடையடியில் வைத்துக்கொண்டு, வலது காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டார்.

"மொதல்ல இது. கொப்பி எங்கயும் போகாது."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்கால், குதி, விரலிடுக்கு நாலும். பழைய தழும்பு வெள்ளையாக, காய்ந்து, குளிர்ந்து இருந்தது. இடது காலையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கொப்பியைத் தந்தார். ஜூன் பக்கத்தில் முப்பது வரிகள். ஊத்தையாக இருந்தது. மூன்று நாட்கள் பார்க்கவில்லை. காரணம் நசீமாவின் கையெழுத்தில் இருந்தது: "சண்டை. காலைத் தரவில்லை."

கையெழுத்து வைத்தேன். இஞ்சித் தேத்தண்ணி வந்தது.